ராஜவேலு அண்ணன் கரை திரும்பிய காரணம்

1971 டிசம்பர் 12, ஞாயிறு பிற்பகல். பழவேற்காடு ஏரிக்கரையில் ராஜவேலு அண்ணன் வீடு. இருந்தவர்கள்: கவிழ்த்துப்போட்ட கூடைமேல் ராஜவேலு அண்ணன். அடுப்போரம் அவர் மனைவி அங்காளம்மாள் அக்கா. வாசற்படியில் காலை நீட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அப்பாவு. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் குர்தீப் சிங். எதிரே பாயில் பேனாவும் தாளுமாக நான், சேகர். கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் வருகைப் பதிவேடு எழுதுகிறவன். குப்பத்துக் கடிதங்களும் என் கையெழுத்துத்தான்.

குர்தீப் சிங் விமானப்படையில் பயிற்சி பெறுகிறவர். சண்டைக் காலமாகையால் பயிற்சியும் அவசரம். போன திங்கள் காலை எட்டரைக்கு அவர் தனியாக ஓட்டிவந்த விமானம் ஏரியில் விழுந்தது. ராஜவேலு அண்ணன் படகில் போய் அவரைத் தூக்கிவந்தார். விமானமும் அடித்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று, படகைக் கட்டுவதுபோல் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். பிறகு வந்த அதிகாரிகள் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் அவரையே கூப்பிட்டார்கள்.

இன்று குர்தீப், கையில் மாவுக்கட்டும் இரண்டு கிலோ லட்டுமாக வந்தார். நண்டுக் குழம்பின் காரத்தில் கண்ணீர் வழிய மூன்றாம் முறையும் சோறு கேட்டார். பிறகு இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பலத்த காற்று அடித்துத்தான் விமானம் விழுந்ததாம்; ஆனால் வானிலைக் குறிப்பில் அன்று சாதாரணக் காற்று என்றிருக்கிறதாம். அப்படியானால் தப்பு அவருடையது. இனி விமானம் ஓட்ட விடமாட்டார்கள். அந்த நேரம் ஏரியில் இருந்த யாராவது எழுதிக்கொடுத்தால் விசாரணையில் எடுத்துக்கொள்வார்கள்.

கரையில் அன்று வெறும் தூறல். நடு ஏரிக்குப் போனவர் ராஜவேலு அண்ணன் மட்டும்தான். அவரோ, வலை கிழிந்ததால் எட்டு மணிக்கே திரும்பியதாகச் சொல்லியிருந்தார். இருபது வருஷமாகக் காற்றுக்குப் பயந்து கரையேறியதில்லை என்ற அவர் பெருமை எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

வலை எத்தனை முழம் கிழிந்தது என்று அப்பாவு மெதுவாக விசாரித்தான்.

"எனுக்கும் இன்னும் காட்டல," என்றார் அக்கா.

அண்ணன் அந்த மாவுக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "எய்து தம்பி. வலை கிழியல. காத்து படகையே தூக்கப் பாத்துது. பயந்துகினு திரும்பிட்டேன்."

அப்பாவு சிரித்த சிரிப்பில் வாசற்படியிலிருந்து சரிந்தான். அக்கா கரண்டியை என் பக்கம் நீட்டினார். "அத்தோட நிறுத்தாத சேகரு. ஏரோப்ளேன் வியுந்த சத்தம் கேட்டு அதே காத்துல இந்தாளு மறுபடி போச்சே, அதையும் எய்து."

இரண்டையும் எழுதிப் படித்துக் காட்டி, குர்தீப்புக்கு இங்கிலீஷிலும் சொன்னேன். குர்தீப் எழுந்து அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்தார். அண்ணன் கைநாட்டு வைத்தார். அப்பாவு வாயில் லட்டோடு சாட்சிக் கையெழுத்துப் போட்டான். சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி, விசாரணை அதிகாரியின் விலாசம் எழுதினேன்.

தபால்பெட்டிக்கு அண்ணனே எடுத்துப்போனார். வழியில் கண்டவர்களிடமெல்லாம் நின்று நின்று அந்தக் காற்றைப் பற்றிச் சொன்னார். பெட்டிக்குள் கடிதம் விழுவதற்குள், நான் எழுதியதைவிட இரண்டு பங்கு காற்று அடித்திருந்தது.