பொத்தான் முதுகில் ரோஸ் பூச்சு

ஆமையை வாங்கிக் கொடுத்தது அவள். அதற்குப் பீ அள்ளுவது நான்.

அவள் என்றால் என் கணவரின் முதல் மனைவி. அவர்கள் பிரிந்ததற்கும் நான் வந்ததற்கும் சம்பந்தமில்லை; யார் வந்து கேட்டாலும் சொல்வேன். அவர்களுடைய மகள் எங்களோடு இருக்கிறாள், சனி ஞாயிறு மட்டும் அம்மாவிடம் போவாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க", "கொஞ்சம் வரீங்களா" என்றே இத்தனை நாளை ஓட்டிவிட்டாள், கெட்டிக்காரி.

பிறந்தநாளுக்கு அங்கிருந்து வந்ததுதான் பொத்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஆமைக்குட்டி. வந்த கொஞ்ச நாளிலேயே வாலுவின் கையிலிருந்து நழுவி மாடிப்படியில் விழுந்து, ஓட்டின் பின் ஓரத்தில் விரிசல் விட்டது. அவள் அழுத அழுகையில் "அம்மாவுக்குத் தெரிஞ்சா" என்பது மட்டும்தான் புரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆமையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது நான், நினைப்பெல்லாம் அங்கே.

கால்நடை டாக்டர் தெளிவாகச் சொன்னார். "மருந்தைத் தண்ணி கலந்து தொடைங்க. உலர்ந்த துணி வச்சுக் கட்டுங்க. மண்ணுல விடாம பேப்பர் மேல வச்சு, சூட்டுக்கு லைட் போடுங்க. விரிசலை மட்டும் எதை வச்சும் அடைச்சுடாதீங்க. உள்ள சீழ் கோத்துக்கும்." வாலு அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

நான் பல் செட் செய்கிறவள். வீட்டின் பின்னறைதான் என் லேப். ரோஸ் பவுடரையும் அதற்கான திரவத்தையும் குழைத்து ஈறு செய்து, அதில் பல்லைப் பதித்து கிளினிக்குகளுக்குக் கொடுப்பேன். ரோஸில் எத்தனை ரோஸ் உண்டென்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். உடைந்து வந்த செட்டை நான் ஒட்டும்போது மட்டும் வாலு நிலைப்படியில் வந்து நிற்பாள். பொழுது போகாமல் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பொத்தானுக்குக் கட்டு மாற்றும்போதும் வந்து நின்றாள்.

"நான் கட்டட்டுமா?"

"உனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. நான் பாத்துக்கறேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"சரியாயிடும்னாரு."

நேரமெல்லாம் ஆகவில்லை. அவள் அம்மா கொடுத்த உயிரை நான் ஒருத்தியாகப் பிழைக்க வைக்க வேண்டும். அதில் யாருக்கும் பங்கு தர எனக்கு மனசு வரவில்லை. பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பெண்ணுக்கு என் ஞாபகம் வரட்டுமே என்று ஒரு அற்ப ஆசை.

விரிசல் காய்ந்து, பொத்தான் என் விரலிலிருந்து இலை தின்னத் தொடங்கிய வாரம் அங்கிருந்து உத்தரவு வந்தது. ஆமையைக் கொண்டு வா, பார்க்க வேண்டும்.

"ரெண்டு நாள்தானே, போயிட்டு வரட்டும்," என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது பிழைப்பு. வீட்டில் நடுவில் மாட்டிக்கொள்வது அவரேதான்.

சனிக்கிழமை நான் ஒரு செட்டைக் கிளினிக்கில் கொடுத்துவிட்டு வருவதற்குள் வாலு கிளம்பிப் போயிருந்தாள். பொத்தானின் காலித் தட்டுக்கு மேல் விளக்கு வீணாக எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நாளும் எனக்கு வேலையே ஓடவில்லை.

திங்கள் காலை அவள் பள்ளிக்குப் போனதும் கட்டைப் பிரித்தேன். விரிசலைக் காணவில்லை. அந்த இடத்தில் வழுவழுவென்று ரோஸ் பூச்சு. மோந்து பார்த்தேன், குப்பென்று நெடி. வாலுவின் அம்மா பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். பொய் நகம் வைக்கிற சரக்குக்கும் இதே நெடிதான். பொத்தான் தலையை இழுத்துக்கொண்டது, இலையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்தது. கூடவே ஒரு சந்தோஷம், அதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டினாயா! உன் அம்மா பார்த்த வேலையைப் பார் என்று வாலுவிடம் காட்ட, தேடாமலே சாட்சி கிடைத்துவிட்டது.

டாக்டர் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பெயர்த்தார். அடியில் ஈரம் கோத்து, சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"நல்லவேளை, உடனே வந்தீங்க. பொழைச்சுக்கும். யாருங்க இந்த வேலை பாத்தது?"

"தெரிஞ்சவங்கதான்," என்றேன். பெயர்த்த சில்லைச் சாட்சிக்காகக் கேட்டுப் பொட்டலமாக வாங்கிக்கொண்டேன்.

வாசலுக்கு வந்ததும் வாலுவின் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளோடு நான் நேராகப் பேசியது அதுவே முதல் தடவை.

"உங்க பார்லர் வேலையை ஆமை முதுகுலயா காட்டணும்? செத்துப் போயிருக்கும்."



"நானா? இங்க வரும்போதே ஒட்டித்தாங்க இருந்துச்சு," என்றாள். "அதைக் காட்டத்தானே தூக்கிட்டு வந்தா. 'எங்க சித்தி ஒட்டினா ஒடைஞ்ச எடமே தெரியாது, நானும் அதே மாதிரி ஒட்டியிருக்கேன் பாரு'ன்னா. நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு நெனச்சேன். வந்ததுலேர்ந்து போற வரைக்கும் சித்தி, சித்தி, சித்திதான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மூடி வைன்னுட்டேன். சரியாக்கூடப் பாக்கல, போதுமா?"

பொட்டலத்தைப் பிரித்துச் சில்லை வெளிச்சத்தில் பிடித்தேன். என் பவுடர். என் பெஞ்சில், என் டப்பாவில் இருக்கிற ரோஸ். சனிக்கிழமை நான் கிளினிக் போயிருந்த நேரத்தில் எடுத்திருக்கிறாள். தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் சொல்லியிருப்பேன். பொறாமைக்குக் கண் ஏது?

சாயங்காலம் வாலு வந்ததும் நேராகத் தட்டுக்குத்தான் போனாள். புதுக் கட்டைப் பார்த்து முகம் சுண்டிவிட்டது.

"நான் ஒட்டினது எங்க?"

"எடுத்தாச்சு. அடைக்கக் கூடாதுன்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. உன்கிட்ட நான்தான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

பொய் ஏதாவது வாயில் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "உங்கம்மா மேல பொறாமை. எல்லாத்தையும் நானே செய்யணும்னு இருந்துச்சு."

அவள் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவும் இதையேதான் சொன்னாங்க, உங்க மேல பொறாமைன்னு," என்றாள். பிறகு, "இது செத்துடுமா?"

"சாகாது. ஆனா தெனமும் கட்டு மாத்தணும்."

பஞ்சை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். மருந்தில் தோய்த்துப் பிழிந்து, விரிசலின் ஓரமாக மெதுவாக ஒற்றினாள்.  என் லேப் நிலைப்படியில் நின்று பார்த்துப் பழகிய கை என்று எனக்குத் தெரியும்.

"இங்க பாருங்க," என்றாள், "இப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன். அந்தச் 'சித்தி' இன்னும் என் காதுக்கு வரவில்லை. இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்து அதைக் கேட்டவள் அவள் அம்மாதான்.