விஸ்வநத்தம் சாலையில் ஒரு நரி

கல் நரிக்கு மூக்கைச் செதுக்கி முடித்து நிமிர்ந்தபோது எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை. விஸ்வநத்தம் சாலையோரப் பூங்காவில் நம் மாவட்டத்து விலங்கு ஒன்றைக் கல்லில் வைக்க வேண்டும் என்று பட்டாசு கம்பெனி முதலாளி ராஜபாண்டியன் கேட்டிருந்தார். எந்த விலங்கு என்பதை என்னிடமே விட்டிருந்தார். கரிசல்காட்டு நரியை ஆள் உயரக் கருங்கல்லில் உட்கார வைத்தேன். சிற்பம் படித்துவிட்டு வந்தபின் சொந்த ஊரில் நிற்கப்போகும் என் முதல் சிலை அது.

திறப்பு விழா நெருங்கும்போது முதலாளி பார்க்க வந்தார். பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"ஏம்மா ரோஜா, உனக்கு வேற மிருகமே கெடைக்கலையா? இது கருத்தப்பாண்டி கம்பெனி லேபிளுல்லா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருத்தப்பாண்டி அவருடைய போட்டிக் கம்பெனிக்காரர்; அந்தக் கம்பெனி வெடிப்பெட்டி லேபிளில் நரிப்படம் உண்டு. எங்கள் ஊரில் பாதிப் பிழைப்பு லேபிளில்தான். காட்டில் ஓடுகிற மிருகத்தைப் பார்த்தால்கூட எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் இதை யோசிக்காமல் விட்டேனே!

"லேபிளு வாரதுக்கு முன்னாலயே நரி காட்டுல திரிஞ்சுச்சு முதலாளி."

"என் செலவுல அவனுக்கு விளம்பரமா? ஊரே சிரிக்கும். மயிலா மாத்திரு."

"நரிய எப்படி மயிலா மாத்துறது? இது என்ன கொளுக்கட்டை மாவா?" வாய் என்னை மீறிவிட்டது.

"அப்ப நாளைக்குக் காலைல கிரேன் வரும். தூக்கிட்டுப் போயிரு."

விடிந்ததும் கிரேன் வந்தது. நரியின் இடுப்பில் பெல்ட்டைச் சுற்றும்போது, "காது ஒடஞ்சுச்சு, கொன்னுருவேன்!" என்று கத்தினேன். முதலாளி காரில் சாய்ந்து நின்றார். கிரேன் வழியை அடைத்ததால், வேலைக்கு ஆள் ஏற்றி வந்த அவருடைய கம்பெனி பஸ் நின்றது. நரி பூங்காவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும். வெடிக்குள் மருந்து செலுத்தும் கருப்பம்மாள் அக்கா இறங்கி, என்னவென்று முன்பக்கம் போய்ப் பார்த்தாள்.

"எல்லாரும் எறங்கி வாங்கடி! நரி முகத்துல முளிச்சாச்சு! இன்னைக்கு யோகம்தான்!"

நரி முகத்தில் முழித்தால் அன்றைய நாள் நல்லபடி போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பஸ் காலியானது. பின்னால் நின்ற மற்றக் கம்பெனி வேன்களும் காலி. தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் நரியைச் சுற்றி மொய்த்தார்கள். கிரேன்காரருக்கு நகர இடமில்லை.

"என்ன கருப்பம்மா இது, வேலைக்குப் போகாம?" என்றார் முதலாளி.

"எடுத்துராதீக முதலாளி. பிள்ளைகள விட்டுட்டுக் கெளம்புறோம். சாயங்காலம் முளுசாத் திரும்பணுமேன்னு அம்புட்டுப் பேருக்கும் நெஞ்சு அடிச்சுக்கிடும். இத ஒருக்கா பாத்துட்டுப் போனா ஒரு தெம்பு. எங்களுக்காக இங்கனயே இருக்கட்டும்."

முதலாளி காரை விட்டு நகர்ந்தார். சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், நரியை நேருக்கு நேர் பார்த்தார். அவரும் தினம் அதே மருந்துக்கு நடுவில் போய் உட்காருகிறவர்தானே.

"ஏப்பா, பெல்ட்ட அவுக்காத," என்றார் கிரேன்காரரிடம். "தூக்கி, முகம் ரோட்டப் பாக்குற மாதிரி திருப்பி வையி. போற வார வண்டியெல்லாம் பாக்கட்டும்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கருத்தப்பாண்டி கம்பெனி வண்டியுமா முதலாளி?"

"அவன் ஆளுகளும் வீடு திரும்பணும்லா," என்றார்.

நரி மேலே எழும்பி, மெல்லத் திரும்பி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஜெயித்துவிட்டாயடி ரோஜா என்று மனம் துள்ள, நானும் தொண்டை கிழியக் குலவையிட்டேன்.