இடுப்பென்று சொன்ன இடம்

இருநூறு பௌர்ணமி! ஒன்றைக்கூட விடாமல் பதினான்கு கிலோமீட்டர் அண்ணாமலையைச் சுற்றியவன் நான். மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை மேடையில் நிற்கவைத்துவிட்டே சுற்றியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனுக்கு யோசனை சொல்ல வந்தான் சக்கரபாணி. வேங்கிக்கால் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் முப்பது வருஷம் தூங்கி ரிட்டயர் ஆனவன்.

"வலின்னா இந்த வாட்டி ஆட்டோவுல சுத்திக்கயேன்பா. சாமி கோச்சிக்கவா போறாரு?"

ஆட்டோவிலா! அடிக்க எழுந்தேன். இடது காலில் கணுக்கால் வரை மின்னல் இறங்கியது. உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் இன்னும் ஜாஸ்தி.

எட்டு மாதமாக இடுப்பு வலி என்று நான் படியேறாத ஆஸ்பத்திரி இல்லை. நாலு எக்ஸ்ரே, ஒரு பெல்ட், தெப்பம் விடுமளவு தைலம். இடுப்பு பளபளத்தது, வலி ஓர் அங்குலம் நகரவில்லை. என்ன படித்தார்களோ!

கடைசியாகப் போன இடம் பிசியோதெரபி. மனைவி உண்ணாமலையும் உடன் வந்தாள். அங்கே வைத்தியம் பார்த்த அம்ருதாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

"எங்க சார் வலிக்குது?"

"இடுப்பு."

"வெரல வெச்சு காட்டுங்க."

காட்டினேன். விரல் இடுப்பைத் தாண்டி ஒரு சாண் கீழே போய் நின்றது.

"சார், இது இடுப்பு இல்ல. குண்டி."

உண்ணாமலை மின்விசிறியை ஆராய ஆரம்பித்தாள். நான் கொதித்தேன்.

"பெரியவங்ககிட்ட பேசற பேச்சாம்மா இது? நாங்கள்லாம் மரியாதையா இடுப்புன்னுதான் சொல்லுவோம்!"

"அந்த மரியாதைக்குத்தான் சார் எட்டு மாசம் இடுப்புக்கு வைத்தியம் பாத்திருக்காங்க. குப்புறப் படுங்க."

காலை மடக்கித் திருப்பிப் பார்த்தாள். "உள்ள ஒரு சின்ன சதை இறுகிக் கெடக்கு. அது கால் நரம்ப அமுக்குது" என்று அங்கே முழங்கையை ஊன்றினாள். முழங்கையா அது? அண்ணாமலையைப் பெயர்த்து என்மேல் வைத்தாள்! நான் போட்ட கூச்சலில் அடுத்த ஊரான கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றிருக்கும்.

"கத்துங்க சார். சதை நல்லா இளகுது."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே கொடுமை. வீட்டிலோ மல்லாந்து, கால்மேல் கால் போட்டு, முட்டியை நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். மூன்றாவது வாரம் மின்னல் முட்டியோடு நின்றது. நான்காவது வாரம் காணோம்.

இருநூற்றோராவது பௌர்ணமி. நடந்தேன், கூடவே உண்ணாமலையும்! கிரிவலப் பாதையில் வாயு லிங்கத்தருகே சக்கரபாணி நொண்டிக்கொண்டு வந்தான்.

"எனக்கும் இடுப்பு புடிச்சிக்கிச்சிப்பா. நீ எந்த டாக்டர பாத்த?"

அவன் கை எங்கே இருந்தது? ஒரு சாண் கீழே! எட்டு மாத ஆத்திரமும் பீறிட்டது.

"அது இடுப்பு இல்லடா! குண்டி! வாயத் தொறந்து குண்டின்னு சொல்லுடா!"

ஐந்து லட்சம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். உண்ணாமலை மட்டும் மலையைப் பார்த்துக் கைகூப்பி, என் குரல் அமுங்கும்படி உரக்கக் கூவினாள்:

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"