கோடு வரைக்கும்

குள்ளம்மாள் கடைசிக் குடத்தையும் வாசலில் கவிழ்த்தாள். தண்ணீர், காலையில் பாடை கட்டிய இடத்தை நனைத்துக்கொண்டு சாக்கடைக்கு ஓடியது. அவள் தம்பி கிருஷ்ணப்பனைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் அப்போதுதான் அரூர் கடைத்தெருவைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் வீட்டைக் கழுவி, இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டி, விளக்கேற்ற வேண்டும்.

"அண்டா ஆச்சு, தவலை ஆச்சு. இன்னும் எதுலனா தண்ணி இருக்குதா?"

பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் கூடத்து மூலையைக் கைகாட்டினாள். "அதா, மீனுத் தொட்டி இருக்குதே."

அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் ராஜாமணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருஷனைத் தூக்கும்போதுகூட அவள் வாய்விட்டு அழவில்லை.

கிருஷ்ணப்பனுக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். சேலத்திலிருந்து ஆசையாக வாங்கி வந்த மீன்கள் முதலில் நிலைக்கவில்லை. தொட்டி குட்டைபோலப் பச்சையாகிவிடும். மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றிச் சலித்துப்போனான். ஒருநாள் ஏதோ ஒரு தோட்டத்தில் பம்புசெட்டுத் தொட்டி ஓரத்தில் பாசி மெத்தையாய்ப் படிந்திருந்ததையும், கீழே வாய்க்காலில் தண்ணீர் தெளிவாக ஓடியதையும் பார்த்துவிட்டு வந்தான். அன்றே ஒரு பிளாஸ்டிக் வலையைச் சாய்வாகக் கட்டி, மேலே ட்யூப்லைட் போட்டான். காற்று மோட்டார் குமிழியோடு தண்ணீரை மேலே தள்ளும். அது வலையில் வழிந்து தொட்டிக்கே திரும்பும். வலையில் பாசி வளர்ந்தது; தொட்டித் தண்ணீர் தெளிந்தது.

"மீனு கழியறத திங்கத்தான் பாசி வருது, ராஜாமணி. உள்ள வளந்தா தண்ணி கெடும். வெளிய வளர வுட்டு நாம சுரண்டிக்கலாம். இனிமேட்டு தண்ணியே மாத்தத் தேவையில்ல, கொறஞ்சா ஊத்துனாப் போதும்."

"வூட்டுல பாசி புடிச்சா கழுவுவாங்க. நீங்க வளக்கறீங்க," என்று அவள் அன்று சிரித்தாள்.

குள்ளம்மாள் காலி வாளியோடு வந்து நின்றாள். "ஏந்திரி புள்ள. மீனைக் குண்டான்ல புடிச்சு வுடு. இதக் கொட்டிட்டு, கெணத்துத் தண்ணி ஊத்திக்கலாம்."

"வேணாங்க அண்ணி."

"வேணாம்னா? சாவு வூட்டுத் தண்ணிய வெக்கக் கூடாது."

"இது அவரு மொண்டு ஊத்துனதுங்க. வலை கட்டுனதுல இருந்து மாத்துனதே இல்ல."

தீர்த்தம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "ஆமாங்க. நான் ஒருக்கா வெரல வுட்டுட்டேன். 'ஆயா, உன் வெரலு பட்டா என் மீனுக்கு மொளகாக் காரம் ஏறும்'னு வெரட்டுனாரு." சிரிக்கப் போனவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குள்ளம்மாள் சிரிக்கவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன். குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள்: "உசுரு தண்ணியில நிக்கும்பாங்க, ராஜாமணி. கொட்டலைன்னா போக வழி தெரியாம அதையே சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

ராஜாமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"கெடந்துட்டுப் போவட்டுங்க அண்ணி."

காற்று மோட்டார் குபுகுபு என்று ஓடிக்கொண்டிருந்தது. குள்ளம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தப் பாசியையாவது தேச்சு வுடறேன். நாலு பேரு வர்ற வூடு."

"இருங்க, நான் பண்றேன்."

ராஜாமணி எழுந்து, ஆணியில் தொங்கிய உடைந்த சீப்பை எடுத்தாள். அன்று வெள்ளிக்கிழமை, அவன் சுரண்டுகிற நாள். வலையைக் கழற்றி, ஒரு பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே வழித்தாள். பாசி ஈரத்துணிபோலச் சுருண்டு வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு வலையைத் திரும்ப மாட்டினாள்.

"மீதி?"

"அத வுட்டுரணுங்க. அதுல இருந்துதான் திரும்ப வளரும்."

வழித்த பாசியைக் கொல்லைக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் போட்டுவிட்டு வந்தாள். அவன் அங்கேதான் போடுவான்.

குள்ளம்மாள் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியில், மோட்டார் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷால் அவன் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தான். அவன் படுக்கையில் விழுந்ததிலிருந்து யாரும் ஊற்றவில்லை. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வந்ததும் சொம்பில் மொண்டுகொண்டு கேட்டாள்.

"இந்தக் கோடு வரைக்குமா?"

"ஆமாங்க."

மீன்கள் மிரளாதபடி இடது உள்ளங்கையைத் தண்ணீரின்மேல் வைத்து, அதன்மேல் மெல்ல ஊற்றினாள். வாசலில் ஆண்களின் பேச்சுக்குரல் கேட்டது. தீர்த்தம்மாள் விளக்குக்குத் தீப்பெட்டி தேடி ஓடினாள். கோட்டைத் தொட இன்னும் நூலளவு இருந்தது. குள்ளம்மாள் அவசரப்படவில்லை.