ஒனர் சொசைட்டியில் சேராத பிள்ளை

மூன்றாவது மருத்துவக் கல்லூரியும் மகள் சிவரூபியை வேண்டாம் என்று சொன்ன வாரம், தில்லையம்பலம் லண்டனின் மறுபக்கத்திலிருக்கும் வெம்பிளிக்குப் போனார். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார். கோயிலுக்கும் போகத்தான் செய்தார். ஆனால் மனம் முழுக்க இராஜேந்திரனின் வீடியோக் கடையில் இருந்தது. இராஜேந்திரனின் மகனுக்குப் போன வருடம் மெடிசின் கிடைத்திருந்தது.

"இன்ரவியூவுக்குக் கூடக் கூப்பிடேல்லை, தம்பி. மாக்ஸ் குறைவெண்டாப் பரவாயில்லை. எல்லாத்திலயும் A எடுப்பாள் எண்டுதான் ரீச்சர்மார் எழுதியிருக்கினம்."

இராஜேந்திரன் கசெட் ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "மாக்ஸ் ஆர் எடுக்கேல்லை, அண்ணை? இவங்கள் வேற எதையோ எல்லோ பாக்கிறாங்கள். பிள்ளை ஒனர் சொசைட்டியில இருக்கோ?"

'கௌரவச் சங்கம்' என்று பொருள்படும் அந்தப் பெயர் தில்லையம்பலத்துக்குத் தெரியும். சிவரூபி படித்துக்கொண்டிருந்த பெண்கள் பள்ளியிலும் அப்படி ஒன்று இருந்தது. கடைசி வகுப்பில் படிப்பும் நடத்தையும் நன்றாக உள்ள சிலரை ஆசிரியர்கள் தெரிந்தெடுப்பார்கள். அவர்கள் கோட்டில் வெள்ளி பட்ஜ் குத்திக்கொண்டு சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அது ஒரு விளையாட்டுக் கழகம் போல என்றே அவர் இதுவரை நினைத்திருந்தார்.

"என்ர மகன் அதில செக்ரட்டரி. அதாலதான் கிடைச்சது. எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ" என்றான் இராஜேந்திரன்.

வீடு இருந்த டூட்டிங்குக்குத் திரும்பும் ரயிலில் தில்லையம்பலத்துக்கு ஒரே யோசனை. வருடா வருடம் விஞ்ஞானத்தில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையை ஏன் எடுக்கவில்லை? தோல் கறுப்பு என்றா? தகப்பன் பாண் தொழிற்சாலையில் வேலை என்றா? வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே மகளைக் கூப்பிட்டார்.

"நான் உங்கட ஹெட்மிஸ்ரஸைப் பாக்கப் போறன். நீ வந்து நான் சொல்லுறதை இங்கிலீசில சொல்லு."

சிவரூபியின் முகம் வெளிறிவிட்டது. "வேண்டாம், அப்பா. ப்ளீஸ். அதைப் போய்க் கேக்கிறதே?"

"ஏன் கேக்கக் கூடாது? உன்ர பங்கைத்தானே கேக்கிறம்."

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற மனைவி தவமலர், "விடுங்கோவன், பிள்ளை விரும்பேல்லை" என்றாள். அவர் விடவில்லை.

தில்லையம்பலத்தின் இங்கிலீஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் இலிகிதராக இருந்தவர். இங்கிலீஸ் பேப்பரைத் தலையங்கம் வரை வாசிப்பார். ரேடியோச் செய்தி ஒரு சொல் தவறாமல் விளங்கும். வாயைத் திறந்தால்தான் ஒன்றும் வராது. பாண் தொழிற்சாலையில் ரொட்டி சுடும் மெஷின்களின் இரைச்சலுக்குள் யாரும் யாரோடும் கதைப்பதில்லை. கையைக் காட்டினால் போதும். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அப்படியே காலம் போய்விட்டது. வெளியில் கதைக்க வேண்டிய இடங்களிலெல்லாம் சிவரூபிதான் கதைத்தாள். டொக்டரிடம், கவுன்சிலில், குரோய்டனில் விசாவுக்குப் போய் நின்ற நாட்களில், எல்லாம் அவள்தான். அப்பாவுக்கு இங்கிலீஸ் விளங்காது என்று அவளும் நம்பிவிட்டாள். அவரும் அதைத் திருத்தவில்லை.

ஹெட்மிஸ்ரஸ் மிஸஸ் ஹார்ட்லி உயரமான பெண். தேநீர் வரவழைத்தார். தில்லையம்பலம் கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார்.

"கேள், பிள்ளை. இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையை ஏன் ஒனர் சொசைட்டிக்கு எடுக்கேல்லை எண்டு கேள். எங்களை ஒதுக்கிப்போட்டினமோ எண்டும் கேள். பயப்படாமல் கேள்."

சிவரூபி கைகளைக் கோத்துக்கொண்டு இங்கிலீஸில் சொன்னாள்: "விண்ணப்பங்களுக்கு நீங்கள் செய்த உதவிக்கு என் அப்பா நன்றி சொல்ல வந்திருக்கிறார்."

தில்லையம்பலம் முதலில் தன் காதைத்தான் சந்தேகித்தார்.

மிஸஸ் ஹார்ட்லி மகிழ்ந்துபோனார். அவரைப் பார்க்காமல் மகளைப் பார்த்தே பேசினார். "எவ்வளவு நல்ல மனிதர்! உன்னைப் பற்றி நாங்கள் பெருமைப்படுகிறோம் என்று சொல். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான், ரூபி. போன ஜூனில் சொசைட்டிக்கு உன்னைக் கூப்பிட்டபோது நீ வேண்டாமென்றுவிட்டாய். ஏனென்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை."

சிவரூபி அப்பாவின் பக்கம் திரும்பினாள். "இடம் நிரம்பிப்போச்சாம், அப்பா. அதுதானாம் எடுக்கேல்லை. அது பெரிய விசயமில்லையாம்."

அவளுடைய காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. சின்ன வயதில் சீனி டப்பாவோடு பிடிபடும்போதும் அப்படித்தான் சிவக்கும். தில்லையம்பலத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ பயம்தான். பிள்ளை எதையோ தனியாகச் சுமக்கிறாள் என்ற பயம். எழுந்து, "தாங்க் யூ, மேடம்" என்றார். பஸ்ஸில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமைகளில் தவமலருக்குக் கடையில் வேலை. உடுப்புத் தோய்க்கும் லோண்டரெட்டுக்கு அப்பாவும் மகளும்தான் போவார்கள். துணிகள் சுழலத் தொடங்கியதும், மர வாங்கில் பக்கத்தில் இருந்த மகளிடம் தில்லையம்பலம் மெதுவாகக் கேட்டார்.

"ஜூனில அவை கூப்பிட்டவை. நீ ஏன் மாட்டன் எண்டனி?"

சிவரூபி வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை அப்படியே மடியில் போட்டாள். "உங்களுக்கு விளங்கினதோ?"

"எல்லாம் விளங்கும், பிள்ளை. கதைக்கத்தான் ஏலாது."

"குரோய்டனில அந்த விசாக்காரர் சொன்னதும்?"

"ஓம். குரோய்டனிலயும்."

அவள் அழத் தொடங்கினாள். மூலையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தன் துணிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சேர்ற நாளில ஒரு டின்னர் இருக்கு, அப்பா. ஒவ்வொரு பிள்ளையின்ர அப்பாவோ அம்மாவோ எழும்பி மைக்கில கதைக்க வேணும். தங்கட பிள்ளையைப் பற்றி. எல்லாருக்கும் முன்னால."

தில்லையம்பலம் அவள் மடியிலிருந்து வழுக்கிய புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஒருக்கா பேரன்ற்ஸ் ஈவினிங்குக்கு வந்தனீங்கள். ஞாபகம் இருக்கோ? அந்த ஜோகிரபி ரீச்சர் உங்களோட குழந்தைப்பிள்ளையோட கதைக்கிற மாதிரிச் சத்தம் போட்டுக் கதைச்சா. நீங்கள் 'யெஸ் யெஸ்' எண்டனீங்கள். பின்னால நிண்ட கேர்ல்ஸ் சிரிச்சவை. அவை சிரிக்கிறதைப் பாத்து நீங்களும் சிரிச்சனீங்கள். அதை இன்னொருக்கா என்னால பாக்க ஏலாது."

"என்னை நினைச்சு வெக்கமோ, பிள்ளை?"

"வெக்கமில்லை!" சத்தம் உயர்ந்துவிட்டது. "வெக்கமில்லை, அப்பா. அவையின்ர மூஞ்சியில அடிக்க வேணும்போல இருந்தது. அந்த பட்ஜ் எனக்குத் தேவையில்லை."

அந்த மாலையை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தப் பிள்ளைகள் எதற்குச் சிரித்தார்கள் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் மகளுக்குத் தெரியாமல் போய்விடும் என்றுதான் சிரித்தார். அதை இப்போது அவளிடம் எப்படிச் சொல்வது? துணிகளை எடுத்து மடித்தார்கள். ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

ஆனால் அன்றிலிருந்து அவருக்கு வேலையில் கை ஓடவில்லை. தன் நாக்கு வராததால் பிள்ளையின் டொக்டர் படிப்பே போய்விட்டதோ? தட்டுத் தட்டாகப் பாண் வரும்போதெல்லாம் அதே கேள்வி வந்தது. கடைசியில், ஒருவருக்கும் சொல்லாமல், அதே கோட்டோடு தனியாகப் பள்ளிக்குப் போனார்.

பஸ்ஸில் மனப்பாடம் செய்த வசனங்களில் பாதி அந்த அறை வாசலிலேயே கழன்று போய்விட்டன. மிச்சத்தை வைத்துத் தொடங்கினார். "மேடம், அன்றைக்கு என் மகள் சரியாகச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னது எனக்கு விளங்கியது." பிறகு டின்னரைச் சொன்னார், மைக்கைச் சொன்னார். சொல் வராத இடத்தில் நிறுத்தி, அது வரும்வரை காத்திருந்து சொன்னார். மிஸஸ் ஹார்ட்லி இடையில் புகாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய கழுத்து வரை சிவந்தது.

"நான் அன்றைக்கு உங்களைப் பார்த்துப் பேசவே இல்லை, மிஸ்டர் தில்லையம்பலம்" என்றார். "மன்னிக்க வேண்டும்."

"அது பரவாயில்லை. எனக்கு ஒரு கேள்வி. அந்த சொசைட்டி இல்லாததாலா அவளுக்கு இடம் கிடைக்கவில்லை?"

மிஸஸ் ஹார்ட்லி கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். "உங்களுக்கு ஆறுதலாக 'இல்லை' என்று சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. மருத்துவக் கல்லூரிகளில் தெரிவு செய்பவர்கள் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் இந்த பட்ஜுகளையெல்லாம் பார்ப்பதே இல்லை என்றார். மற்றவர், இரண்டு பிள்ளைகள் ஒரே தரத்தில் இருந்தால் எதையாவது பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் நான் இதைத் தொடங்கினேன். பெற்றோர்கள் அதை ஏணியாக்கிவிட்டார்கள்." பிறகு, "இப்போதும் இடம் இருக்கிறது. டின்னரில் பேச்சு வேண்டாம் என்று ஆக்கிவிடுகிறேன்" என்றார்.

"அவளைக் கேளுங்கள், மேடம். என்னை அல்ல" என்றார் தில்லையம்பலம்.

சிவரூபி இரண்டாம் முறையும் மாட்டேன் என்றாள். "சோதினை வருது, அப்பா. இப்ப போய்ச் சேர்ந்தா பட்ஜுக்காகச் சேர்ந்த மாதிரித்தானே. உங்களுக்குக் கோவமோ?" இல்லை என்றார். உண்மையில் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதை அவர் காட்டிக்கொள்ளவில்லை.

நான்காவது கல்லூரி இன்ரவியூவுக்குக் கூப்பிட்டது. திரும்பி வந்தவளைத் தவமலர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன கேட்டவை?"

"வீட்டில ஆற்றையோ நோய் வருத்தத்தைப் பாத்திருக்கிறியோ எண்டு கேட்டவை. ஆஸ்பத்திரியில நீங்கள் கிடந்தப்ப டொக்டரோட உங்களுக்காகக் கதைச்சதைச் சொன்னன். பிறகு சிகரெட் பிடிக்கிறதைப் பற்றி என்னோட ஒரு வாக்குவாதம்."

"சொசைட்டி?" என்றார் தில்லையம்பலம்.

"ஒருத்தரும் கேக்கேல்லை, அப்பா."

இரண்டு A, ஒரு B எடுத்தால் இடம் உண்டு என்றார்கள். ஓகஸ்ட்டில் ரிசல்ட் வந்தது. உயிரியலில் A. மற்ற இரண்டிலும் B. சிவரூபி கல்லூரிக்கு ரெலிபோன் எடுத்தாள். தில்லையம்பலம் பக்கத்தில் நின்று ரிசீவருக்குக் காதைக் கொடுத்தார். மறுமுனையில் பேசிய பெண் இரக்கமாகத்தான் சொன்னாள், ஆனால் இல்லை என்றுதான் சொன்னாள். அன்று முழுக்க சிவரூபி அறையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த நாள் முகம் கழுவிக்கொண்டு வந்து, இடம் மிஞ்சியிருந்த பல்கலைக்கழகங்களுக்கு ஒவ்வொன்றாக ரெலிபோன் எடுக்கத் தொடங்கினாள். மாலைக்குள் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் கிடைத்தது.

விசயம் வெம்பிளிக்குப் போய்ச் சேர்ந்ததும் இராஜேந்திரன் ரெலிபோனில் அழைத்தான். "நான் அப்பவே சொன்னனான், அண்ணை. அந்த ஒனர் சொசைட்டி இருந்திருந்தால்…"

"ஒரு B ஆல போனது, தம்பி. அதில சொசைட்டி என்ன செய்யிறது?" என்றார் தில்லையம்பலம். "இருந்திருந்தால் முந்தின மூண்டில ஒண்டு கிடைச்சிருக்குமோ எண்டு நானும் யோசிச்சனான்தான். ஆருக்குத் தெரியும்? எங்களைக் காப்பாத்த நினைச்சு அதை விட்ட பிள்ளை. நான் அதை ஒரு குறையாச் சொல்ல மாட்டன்."

செப்டெம்பர் முடிவில் மூன்று பேருமாகக் கோச் பஸ்ஸில் வடக்கே போனார்கள். தவமலர் இடியப்ப உரலைக் கூட விடாமல் கட்டியிருந்தாள். விடுதியில் புது மாணவர்களின் பெற்றோருக்குத் தேநீர் வைத்திருந்தார்கள். சிவரூபி அப்பாவை ஒரு பெரிய உருவம் கொண்ட மனிதரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பக்கத்து அறைப் பிள்ளையின் தகப்பன், வேல்ஸில் ஆடு வளர்ப்பவர்.

"கதைச்சுக்கொண்டு இருங்கோ, அப்பா. நானும் அம்மாவும் கட்டிலைச் சரிப்படுத்திப்போட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்த மனிதர் பேசத் தொடங்கினார். ரேடியோச் செய்தி ஒரு சொல் தவறாமல் விளங்கும் தில்லையம்பலத்துக்கு, அவருடைய வேல்ஸ் உச்சரிப்பில் 'மழை' என்பதைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. தானும் மழையைப் பற்றியே சொன்னார், நிறுத்தி நிறுத்தி, சொல் வரும்வரை காத்திருந்து. அந்த மனிதர் குனிந்து, காதின் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "மறுபடி சொல்லுங்கள், நண்பரே" என்றார். தில்லையம்பலம் மறுபடியும் சொன்னார்.