நெஞ்சு உயரத்தில் ஒரு கறை

ஜெர்மனியின் யேனா நகரத்து ஆய்வுக்கூட ஜன்னலில் அந்தக் கறை மறுபடியும் வந்திருந்தது. தீப்பெட்டி அளவு, பழுப்பு நிறம், கெசீனாவின் நெஞ்சு உயரத்தில்.

ஜன்னல் அவளும் சக ஆய்வாளன் அன்ஸ்கரும் சேர்ந்து செய்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய குழல்களில் இரும்புத்தூள் கலந்த திரவம் ஓடினால் அறை இருளும். கீழே தொட்டியிலுள்ள காந்தம் தூளை இழுத்துக்கொண்டால் வெளிச்சம் திரும்பிவிடும். முழுதாகத் திரும்பவேண்டும். நாளை மதிப்பீட்டுக் குழு வருகிறது. வேலை நீட்டிப்பு இருவரில் ஒருவருக்குத்தான். கண்ணாடி அவள் பொறுப்பு. அது கெட்டால் யாருக்கு லாபம்?

இந்தக் கேள்வி மனதில் நுழைந்த நாளிலிருந்து அவன் செய்வதெல்லாம் அவளுக்குத் தடயமாகிவிட்டது. போன் வந்தால் முற்றத்துக்கு இறங்கிப் போகிறான். அப்போதெல்லாம் அவள் கண்ணாடியோடு ஒட்டி நின்று, அவன் உதட்டசைவைப் படிக்கப் பார்ப்பாள். அப்படி நிற்கிறவளை அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நின்றாள்.

அன்று கேக் தட்டோடு உள்ளே வந்தவனிடம் கேட்டேவிட்டாள்.

"ஜன்னல்ல நீங்க கை வச்சீங்களா?"

"என்ன, திடீர்னு 'நீங்க'?" அன்ஸ்கர் சிரித்தான். "கிறிஸ்துமஸ் விருந்துல கோப்பையை முட்டி, இனிமே நீன்னு கூப்பிடுன்னு சொன்னது யாரு? குடுத்த 'நீ'யைத் திருப்பிக் கேட்கக்கூடாது, அம்மணி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"வைக்கலை."

"அப்ப கீழ போய் யார்கிட்ட ரகசியம்?"

"நான் வாடகைக்கு எடுத்திருக்கிற தோட்டத்தோட சங்கத் தலைவர்கிட்ட. என் வேலிச்செடி விதிச்ச உயரத்துக்கு மேல ஒரு சாண் வளர்ந்திருச்சாம், உயிரை எடுக்கறார். சொன்னா நீ சிரிப்பே."

அவள் சிரிக்கவில்லை. "நான் பேராசிரியர்கிட்ட சொல்லத்தான் போறேன்."

அவன் முகம் வெளுத்தது. "சொல்லு," என்றான். போன் அடித்தது. தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

பேராசிரியரிடம் போவதற்கு முன் கறையை ஒருதரம் கழுவிப் பார்க்கலாமென்று திரவத்தை ஓடவிட்டாள் கெசீனா. ஜன்னல் இருண்டது. கீழே அவன் யாரிடமோ கையை ஆட்டிப் பேசுவது மங்கலாகத் தெரிய, பழக்கத்தில் இன்னும் நெருங்கினாள்.

'டிக்' என்று ஏதோ கண்ணாடியில் தட்டியது.

குனிந்து பார்த்தாள். அவளுடைய பெயர் அட்டை. கோட்டில் ஓட்டை விழக்கூடாதென்று எல்லோருக்கும் கொடுத்த, காந்தம் வைத்த அட்டை. அதற்கு நேரே கண்ணாடிக்குள் இரும்புத்தூள், சர்க்கரையை மொய்க்கும் எறும்பு போலத் திரண்டுகொண்டிருந்தது.

அவன் திரும்பி வந்தபோது அட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"பேராசிரியரைப் பார்த்தாச்சா?"

"இல்ல. நீ இங்க வா."

அட்டையைக் கண்ணாடியில் வைத்து மெல்ல நகர்த்தினாள். கறை கூடவே நகர்ந்தது. அன்ஸ்கர் அதைப் பார்த்தான். பிறகு அவள் நின்ற இடத்தில் நின்று கீழே பார்த்தான். அவன் போன் பேசும் பெஞ்சு நேராகத் தெரிந்தது.

கேலி செய்வான் என்று காத்திருந்தாள். செய்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"தினமுமா?" என்று மட்டும் கேட்டான்.