அரவஞ்சி நாட்டின் ஐந்து கொடிகள்

இசபெல்லா அந்த நாட்டைத் தண்ணீரில் போட்டது 1952ஆம் வருடம், அவளுக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதத்தில்.

அவள் கணவர் சவரிராயன் சேலத்தில் நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைபவர். அவருக்கு வயது முப்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்தொன்று. இருவருக்குமே இனிக் கல்யாணம் இல்லை என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டியிருந்த நேரத்தில் பங்குச் சாமியார் பேசி முடித்து வைத்த கல்யாணம் அது. அஸ்தம்பட்டியில் மொட்டை மாடியோடு ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தார்கள். அவர் காலையில் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் போவார். சாயங்காலம் வந்து குளிப்பார். "சோறு வெக்கட்டுங்களா?" என்று அவள் கேட்பாள். "வை" என்பார். அன்றைய பேச்சு அதோடு சரி. அவர் கோபக்காரர் இல்லை. என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

அலுவலகத்தில் படம் வரைவதற்கு ஒரு துணி உண்டு. கஞ்சி ஏற்றி வழவழவென்று இருக்கும். டிரேசிங் துணி என்பார்கள். கழித்துப் போட்ட துணியை வெந்நீரில் ஊறவைத்து அலசினால் கஞ்சியோடு மையும் போய்விடும், கைக்குட்டைக்கு அருமையான துணி கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் சொல்லியிருந்தாள். ஒருநாள் இசபெல்லா அவருடைய தகரப் பெட்டியைத் தூசி தட்டி வைக்கும்போது அடியில் அப்படி ஒரு சுருள் கிடைத்தது. பழசாக இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சளடித்திருந்தது. எடுத்து ஊறவைத்தாள்.

சவரிராயன் வந்தபோது அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதன் முன்னால் நின்றார்.

"இதுல இருந்ததெல்லாம்?"

"போயிருச்சுங்க. நல்லா வெளுத்துருச்சு."

அவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். இசபெல்லா பயந்து போனாள். அரசாங்கத்துப் படத்தை அழித்துவிட்டோம், இவர் வேலைக்கே ஆபத்து என்று நினைத்தாள். மூன்றாம் நாள் அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அது எந்த ஊருப் படமுங்க? சொன்னீங்கன்னா நானே வந்து உங்க பெரிய ஆபீசருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"அது ஆபீஸ் படம் இல்லை."

"பின்னே?"

அவர் தப்புச் செய்தவரைப் போலச் சொன்னார். அது அரவஞ்சி என்ற நாடு. அப்படி ஒரு நாடு கிடையாது. பதினோரு வருடமாக அவரே வரைந்து வந்தது. வேலை முடித்து வந்து பேச ஆள் இல்லாத நாட்களில் ஒரு மலை, ஒரு ஏரி, ஒரு கோட்டை என்று சேர்த்துக்கொண்டே போனார்.

இசபெல்லாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. "பதினோரு வருசத்து நாட்டைப் பூரா நான் தண்ணியில போட்டுட்டனுங்களா?"

அவள் அழுவதைப் பார்த்ததும் சவரிராயனுக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது. "வெள்ளம் வந்துருச்சுன்னு வெச்சுக்கலாம் விடு" என்றார். தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரமே அவர் புதுத் தாளில் அரவஞ்சியை மறுபடி வரைய உட்கார்ந்தார். இசபெல்லா அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை கோட்டை இருக்குது, ஆளுறது யாருங்க?" என்று கேட்டாள்.

பதினோரு வருடத்தில் அவர் அதை யோசித்ததே இல்லை. மலைக்கு உயரம் போட்டிருந்தார், ஆற்றுக்கு ஆழம் போட்டிருந்தார். ஆள் ஒருவர்கூட இல்லை.

"நீயே சொல்லேன்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. மேட்டுக்கோட்டைக்கு ஓர் அரசி வந்தாள். அவள் பெயர் செங்கமலை. எதிரிகள் ஏழு மாதம் கோட்டையைச் சூழ்ந்திருந்தபோது கொள்ளுப் பயற்றை வேகவைத்துத் தின்றே பணியாமல் இருந்தவள். ஆற்றோரத்தில் வெண்மாறன் என்றொரு பயந்த அரசன், மழைக்காலம் வந்தால் தலைநகரத்தை மாற்றிவிடுவான். கிழக்கே ஒரே கோட்டையை ஆளும் இரட்டையர், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. வடக்கே தூக்கம் வராத ஓர் அரசன். காட்டுக்குள் யாருமே பார்த்திராத ஓர் அரசி. இவர்களுக்கெல்லாம் கொடி வேண்டும் என்று சொன்னதும் இசபெல்லாதான். கன்னியர் மடத்தில் தையல் பழகியவள். சாமியார்களுக்குப் பூசை உடுப்பும் அங்கியும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"செங்கமலைக்குக் கொள்ளுப் பானை" என்றாள்.

"ராஜாங்கத்துக் கொடியில பானையா? சிங்கம் போடலாம்."

"அவளைக் காப்பாத்துனது சிங்கமுங்களா, பானைதானுங்களே?"

பானை போட்டார்கள், மஞ்சளில் கறுப்பாக. வெண்மாறனுக்கு நீலத்தில் வெள்ளைக் கொக்கு. அந்தக் கொக்கை இசபெல்லா, தான் வெளுத்த அதே டிரேசிங் துணியில் வெட்டினாள். பட்டுக்கு, ராசிபுரத்தில் பட்டு நெய்யும் தெரிந்தவள் பூவாத்தாள், தறியில் மிஞ்சும் துண்டுகளைக் கொடுத்தனுப்புவாள். கறுப்புக்கு மட்டும் அங்கி தைத்த மிச்சம்தான்.

கொடி என்றால் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பது சவரிராயனின் கட்டளை. வெயிலிலும் புழுதியிலும் சிவப்பு வெள்ளைக் கம்புகளை நட்டு அளந்த ஆட்களோடு பழகியவர் அவர். வெள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சள் போட்டால் முந்நூறு அடியில் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏற்காடு ரோட்டை ஒட்டிய வெட்டவெளிக்குப் போவார்கள். அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவர் அடிகளை எண்ணிக்கொண்டே பின்னால் போவார்.

"கொக்கு தெரியலை," என்று அங்கிருந்து கத்துவார். "குச்சியாட்ட இருக்குது."

பிறகு கொக்குக்கு இறக்கையை விரித்தாள். பானை தலை மாதிரித் தெரிகிறது என்றார், கீழே அடுப்பும் நெருப்பும் வைத்தாள். இரட்டையர் கொடிதான் அதிகம் படுத்தியது. கடைசியில் துணியை நடுவில் பிரித்துப் பாதி சிவப்பு, பாதி கறுப்பு ஆக்கினார்கள். சிவப்பில் கறுப்புக் காளை, கறுப்பில் சிவப்புக் காளை, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு. அறுநூறு அடியிலும் அது பளிச்சென்று தெரிந்தது. தூக்கம் வராதவனுக்குத் திறந்த கண். காட்டு அரசிக்கு வெறும் பச்சை, சின்னமே கிடையாது. ஐந்தையும் தைத்து முடிக்க நான்கு வருடம் ஆயிற்று. அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்கு இப்போது பேச்சு இருந்தது.

1957 மாசி மாதம், பட்டில் பூச்சி விழுகிறது என்று இசபெல்லா ஐந்து கொடிகளையும் மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டாள். ஊரெல்லாம் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு கொடி, சுவருக்குச் சுவர் சின்னம். நான்காம் நாள் சவரிராயனின் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்கும் இன்னார் வீட்டில் ஒரு புதுக் கட்சிக்குக் கொடி தயாராகிறது என்று எழுதியிருந்தது. மூன்று நாளில் விளக்கம் தரும்படி அவருக்கு உத்தரவு கொடுத்தார்கள்.

அவர் முகம் வெளுத்து வீடு திரும்பினார். மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் அவளுக்குத் தமிழில் சொன்னார். மேற்படி துணிகள் கொடிகள் அல்ல, பழைய துண்டுகளில் மனைவி தைத்த தலையணை உறைகள்.

இசபெல்லா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"வேலை போயிரும்னு பயமா இருக்குது, இசபெல்லா."

"அதுக்கு இல்லீங்க. சிரிப்பாங்கன்னு பயப்படறீங்க."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"அஞ்சு வருசமா நானும் அங்கதானுங்க குடியிருக்கறேன். அப்படி ஊரே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா, நான் எங்கீங்க போறது?"

சவரிராயன் மேசைக்குத் திரும்பினார். தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். கொடிகள் அரவஞ்சி நாட்டு அரசர்களுக்கு உரியவை. மேற்படி நாடு எனது கற்பனை. மேற்படி அரசர்கள் எனது மனைவியின் கற்பனை. அவர்களில் எவரும் தேர்தலில் நிற்கவில்லை. இதைச் சொன்னபோது இசபெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் ஓர் எழுத்தையும் மாற்றாமல் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வேலுசாமி என்பவர்தான் அங்கே பெரிய அதிகாரி. கண்டிப்பானவர் என்று பெயர். விளக்கத்தைப் படித்துவிட்டு, கொடிகளையும் படத்தையும் தைத்தவரையும் மறுநாள் கொண்டுவரச் சொன்னார். இசபெல்லா தகரப் பெட்டியோடு போனாள். குமாஸ்தாக்கள் கதவோரத்தில் கூடி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். சவரிராயன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

வேலுசாமி அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு முதலில் படத்தை விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஸ்கேல் என்ன?"

"அங்குலத்துக்கு நாலு மைலுங்க சார்."

விரல் ஆற்றோடு போயிற்று. ஓரிடத்தில் நின்றது. "இங்கே ஆறு மேட்டுல ஏறுதே ஐயா."

சவரிராயன் திடுக்கிட்டு எழுந்து வந்து பார்த்தார். உண்மைதான். "கவனிக்கலைங்க சார்" என்றார். வாய் அப்படிச் சொன்னாலும், அவர் முகம் தெளிந்துவிட்டதை இசபெல்லா பார்த்தாள். வெளியில் இடித்துக்கொண்டிருந்தவர்கள் மெதுவாகக் கலைந்தார்கள்.

பிறகு கொடிகள். ஒவ்வொன்றையும் அவள் விரித்துப் பிடித்து, இது யாருடையது, ஏன் இந்தச் சின்னம் என்று சொன்னாள். முதலில் குரல் நடுங்கியது. கொள்ளுப் பானைக்கு வந்தபோது சரியாகிவிட்டது. இரட்டையர் கொடியை விரித்ததும் வேலுசாமி நெற்றியைத் தடவினார். ஊரில் மோதிக்கொண்டிருந்த இரண்டு கட்சிகளில் ஒன்றின் கொடி நிறமும் மற்றதன் சின்னமான காளைகளும் ஒரே துணியில் இருந்தன.

"இதை எந்தக் கட்சிக்காரன் பார்த்தாலும் கோபம்தாம்மா வரும். இவங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் பேசிக்கவே மாட்டாங்களா?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க."

"எலெக்சன் முடியற வரைக்கும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க." மொட்டைக் கடிதத்தின் ஓரத்தில் 'அப்படி ஒரு கட்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடினார்.

வெளியே வந்தபோது மணி ஒன்றரை. இசபெல்லா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. எதிரில் இருந்த ஓட்டலுக்கு அழைத்துப் போனார். இருவரும் சேர்ந்து ஓட்டலில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. சவரிராயன் ஆற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மேட்டைச் சுற்றித் தெற்கே திருப்பினால் சரியாகிவிடும் என்றார். அப்படியானால் வெண்மாறன் மறுபடியும் தலைநகரத்தை மாற்ற வேண்டியிருக்கும், பாவம் என்றாள் அவள்.

இலை போட வந்தவர் தகரப் பெட்டியைப் பார்த்தார். "ஊருக்குப் போறீங்களா? பெட்டியில என்னங்க?"

"கொடிங்க" என்றார் சவரிராயன், பக்கத்து மேசைக்கும் கேட்கும் குரலில். "அரவஞ்சி நாட்டுக் கொடி."

"அது எங்கீங்க இருக்குது?"

"இங்கிருந்து ரெண்டு நாள் நடக்கோணும்."

"ஆத்துல தண்ணி இல்லைன்னா ஒன்றரை நாளுங்க" என்று இசபெல்லா திருத்தினாள்.